இதரம்

நேற்று டாக்டர் ஹெப்சிபாவுக்கு விருது.
சால்வை, கேடயம்,
அட்டையில் ஆளுயரத்துக்கு அடித்த ஐந்து லட்சத்துக் காசோலை.
அட்டைக்கு அச்சுக்கூலி ஆயிரத்து நானூறு.
பில் என்னிடம்தான் வரும்.

ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாவது மாடியில்
நான் கணக்கு எழுதுகிறவன்.
எனக்குத் தெரிந்த தலைப்புகள் நான்கு:
உபகரணம், நுகர்பொருள், பயணம், இதரம்.
உலகத்தில் இதற்குள் அடங்காத எதுவும்
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
அடங்கியாக வேண்டும்.

டெல்லியிலிருந்து வந்தவர் மேடையில் சொன்னார்:
கருவிழிப் பூஞ்சை, மருந்துக்கு மசியாத மரபணு,
நானூற்றுப் பன்னிரண்டாம் எண் ரகம்,
அது கிடைத்திராவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பே இல்லை.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும் பாதி தட்டியிருந்தேன்.

அந்த எண்ணை எனக்குத் தெரியும்.

ஆறு வருடம் முந்தி ஒரு தை மாதம்,
சேடபட்டிப் பக்கம் கதிரடிக்கும் மெஷின் துப்பிய உமி
பேயாண்டியின் இடது கண்ணில் போய் உட்கார்ந்தது.
முதலில் தாய்ப்பால் விட்டார்கள்.
பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து.
எரிச்சல் அடங்கிவிட்டது.
பூஞ்சைக்கு அது பாயசம்.
பன்னிரண்டாம் நாள் இங்கே வந்து இறங்கியபோது
குழம்பில் வெந்த மீனின் கண் மாதிரி இருந்தது என்று
லேபில் இருக்கும் நாகூர்கனி
வடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

சுரண்டி எடுத்தது கடுகில் பாதி.
மூன்று நாளில் தட்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு.
அதற்கு ஒரு எண் கொடுத்து
மைனஸ் எண்பதில் படுக்க வைத்தார்கள்.
கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பூஞ்சைக்காக நான் டீசல் வாங்கப் போயிருக்கிறேன்.
கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமிய ராத்திரி
அழகருக்கு எதிர்சேவை.
தல்லாகுளம் முழுக்கத் தலை.
யாரோ தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில்
சட்டை நனைந்து,
கேனின் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
சாமிக்கு எதிர்த்திசையில் நடந்தேன்.
வந்து சேர்ந்தபோது மைனஸ் அறுபத்தொன்று.
பிழைத்துக்கொண்டது.

என் கோப்பில் இருக்கும் பேயாண்டி வேறு.
ஒரே ஒரு வவுச்சர்.
'நோயாளி மறுவருகை, பஸ் கட்டணம், போக வர,
ரூபாய் அறுபத்து நான்கு.'
கையெழுத்துக் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே
சரிந்து கிடக்கும் பெருவிரல் மை.

தணிக்கையில் கேட்டார்கள்:
ரேகை ஏன் கோட்டின் மேல் இல்லை?
கோடு தெரியவில்லை என்று எழுதினேன்.
வலது கண்ணின் புரைக்கு
அப்போது இன்னும் தேதி கொடுத்திருக்கவில்லை.
பஸ்ஸுக்குத் திட்டத்தில் இடமில்லை என்று
அறுபத்து நான்கையும் அடித்துவிட்டார்கள்.
டாக்டர் பர்ஸிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.
மீதி முப்பத்தாறைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ஆள் வரவில்லை.
அவரைப் போல எத்தனையோ பேர்
ஒரு தடவை வந்து, எண்ணைக் கொடுத்துவிட்டு,
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதோடு சரி.

இன்று காலை டாக்டர் மாடியேறி வந்தார்.
சால்வை இல்லை. செருப்பில் வார் அறுந்திருந்தது.
'விருதுப் பணத்தில் பஸ்ஸுக்கு ஒரு தலைப்பு போட முடியுமா?'
தலைப்பு நான்குதான் மேடம்.
'இதரம்?'
பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றார்.
கீழே புறநோயாளிகள் வரிசை
கேட்டைத் தாண்டி வளைந்து கிடந்தது.

பயணம் என்றால் எங்கள் கூடத்தில்
சிங்கப்பூர், வியன்னா, போன வருடம் லிஸ்பன்.
விமான டிக்கெட்டோடு
கருத்தரங்க அழைப்பிதழையும் இணைக்க வேண்டும்.

பேனாவைத் திறந்து அந்தத் தலைப்பின் கீழ் எழுதினேன்:
சேடபட்டி. நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர். போக வர.

கருத்தரங்கின் பெயர் என்ன என்று கேட்பார்கள்.
யோசிக்க எனக்கு
மார்ச் வரை இருக்கிறது.