இரண்டில் ஒன்று

பெலோட்டாஸ் பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில்
போர்வைகளை எண்ணித் தருவது என் வேலை.
இப்போது என்னையும் எண்ணிக்கொண்டார்கள்:
தன்னார்வலர் 0412, பெண், நாற்பத்தாறு,
இடது கை.

குப்பியில் மருந்து இருக்கலாம்.
உப்புநீர் இருக்கலாம்.
ஊசி போட்ட பையனுக்கும் தெரியாது,
கையெழுத்து வாங்கிய டாக்டருக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்.
அது வாய் திறக்காது.

"தண்ணீர்தான் போட்டோம் என்றே நினைத்துக்கொள், ஜுரேமா.
முகக்கவசம், சோப்பு, ஒன்றரை மீட்டர்,
எதையும் விட்டுவிடாதே" என்றார் டாக்டர்.
தலையாட்டிவிட்டு வந்தேன்.
அன்றிரவு காய்ச்சல் வராதா என்று
படுக்கையில் காத்துக் கிடந்தேன்.

வரவில்லை.
கை மட்டும் கொஞ்சம் வலித்தது.
அழுத்தி அழுத்திப் பார்த்ததில்
மருந்தால் வலித்ததா, அழுத்தியதால் வலித்ததா,
அதுவும் தெரியாமல் போனது.

இஸ்திரி மேசை சுல்மிராவுக்கு முப்பத்தெட்டரை டிகிரி.
மறுநாள் லாட்டரி விழுந்தவள் மாதிரி வந்தாள்.
"எனக்கு அசல் மருந்துதான்!"
கவசத்தை மூக்குக்குக் கீழே, வாய்க்கும் கீழே இறக்கிவிட்டு
சிரித்தாள்.
ஆறு மாதத்தில் நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு.
பொறாமையாக இருந்தது.
காய்ச்சல்மீதா, சிரிப்பின்மீதா, சொல்லத் தெரியவில்லை.

ஜூலையில் மினுவானோ காற்று
கதவிடுக்கில் கத்தி தீட்டும் ஊர் இது.
இங்கே உறவென்றால்
ஒரு சுரைக்குடுவை, சுடுநீரில் ஊறும் மாத்தே இலை,
எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் குழல்.
குழலைத் துடைத்துவிட்டு உறிஞ்சுகிறவனை
மறுபடி யாரும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.
எச்சில் பார்க்காத ஊர்
மார்ச்சிலிருந்து எச்சில் பார்க்கிறது.

லாரி ஓட்டும் அண்ணன் அடாயிர்
பராநாகுவா துறைமுகம் போய்த் திரும்பி
வேலிக்கு மேல் குடுவையை நீட்டினான்.
"உனக்குத்தான் போட்டாச்சே, அப்புறமென்ன?"
"பாதிக்குப் பாதிதான்" என்றேன்.
"அப்பா அதைவிடக் குறைந்த கணக்கில்
ஏரியில் படகு இறக்கியவர்."
பாதி எனக்கு, சரி. அவனுக்கு?
காலையில் நான் உதறிய போர்வை எதிலிருந்து
எது என்மேல் ஒட்டிக்கொண்டதோ.
என் ஊசி என் தோலோடு நின்றுவிடுகிறது என்று
அவனுக்கு எப்படிச் சொல்வது?
குடுவையின் ஆவி
எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.
ஆறிப்போன பிறகு மண்ணில் கொட்டினான்.

திங்கள்தோறும் தொலைபேசி.
இருமல்? இல்லை.
வாசனை தெரிகிறதா?
வெளுப்புத் தூள் வாசனை, போதுமா?
ஒருநாள் கேட்டேன்: விடை எப்போது வரும்?
மறுமுனைப் பெண் தயங்கினாள்.
"உங்களில் போதுமான பேருக்கு நோய் வந்த பிறகு."

போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.
பாதியில் நிறுத்தினேன்.
நாங்கள் எல்லோரும் இப்படியே கழுவிக்கொண்டிருந்தால்
விடை வராது.
யாராவது கழுவாமல் இருக்க வேண்டும்.
யாராவது ஒரே குழலில் உறிஞ்ச வேண்டும்.
என் கவனம்
ஊருடைய நம்பிக்கையைத் தள்ளிப்போடுகிறதா?
நுரை விரலிடுக்கில் காய்ந்து இறுகியது.
குழாயை மறுபடி திறந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் இஸ்திரி மேசை காலி.
நான்காம் தளத்திலிருந்து இறங்கிய போர்வைகளில்
எது அவளுடையதென்று யார் கண்டார்கள்.
எண்ணிப் போட்டேன், நாற்பத்தொன்று.
இரவு அவள் குரல் வந்தது,
சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி:
"நான் தண்ணீர்தான் போல, ஜுரேமா.
ஆனால்... கணக்கில்... சேர்ந்துவிட்டேன்."

பிழைத்தாள்.
மாடிப்படியில் இன்னும் பாதியில் நிற்கிறாள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
என் கையில் இட்டது வெறும் உப்பானால்
நான் நினைக்க வேண்டியது
டாக்டரை அல்ல.

சனிக்கிழமை அடாயிர் வந்தான்.
அவன் குடுவை அவனிடம், என் குடுவை என்னிடம்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி,
இந்தப் பக்கம் ஒரு முக்காலி.
பேச ஒன்றுமில்லை.
அடிநீர் தீர்ந்து அவன் குழல் குர்ரென்றது.
என்னுடையதும்.