ஐந்நூற்றுப் பன்னிரண்டு

பையில் பதினோரு ஃபியூஸ் கேரியர்.
வெள்ளைப் பீங்கான்.
ஒவ்வொன்றிலும் பேனாவால் வீட்டு எண் எழுதியிருக்கிறேன்,
திரும்ப மாட்டும்போது மாறிவிடக் கூடாதே.
மொபெட் பள்ளத்தில் இறங்கினால்
கல்யாண வீட்டுக் காப்பித் தட்டு மாதிரி சத்தம் போடும்.

புதுவயலில் வைகாசி.
மில் உமித்தூசு காக்கிச் சட்டையில் விழுந்து
வியர்வையில் மாவாகிறது.
பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் லைன் வீடு.
நாலு குடித்தனம், நாலு அடுப்பு,
ஒரே மீட்டர்.
சொந்தக்காரர் கோயம்புத்தூரில்.

வள்ளிக்கண்ணு வெள்ளை அட்டையோடு வந்தாள்.
சண்டைக்கு இல்லை,
கணக்குக்கு வந்தாள்.
"எப்பவும் அறுபதாம் நாள் ரீடிங் எடுப்பாங்க.
இந்தத் தடவை அறுபத்து நாலு.
நான் தினம் பாத்து எழுதுறேன். சுவத்தப் பாருங்க."

சாக்பீஸில் இருந்தது.
481
490
498
501
512

498-க்கு அடுத்து 501.
அன்றைக்கு நாலு வீட்டிலும் ஃபேன் போடவில்லையாம்.
விளக்கும் இல்லையாம்.
மைமூன் மகன் ரியாஸுக்கு மூச்சு இழுத்ததால்
நெபுலைசர் மட்டும், மூன்று முறை.
விடிந்ததும் முதல் ஆளாக மீட்டரிடம் ஓடியிருக்கிறாள்.
501.
அதற்கப்புறம் எதற்கு என்று
எல்லா ஃபேனையும் போட்டுவிட்டுத் தூங்கினார்களாம்,
நன்றாகத் தூங்கினோம் என்றாள்.

ஐந்நூறைத் தாண்டினால்
தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை,
ஏற்கெனவே எரிந்து முடிந்ததற்கும் சேர்த்து ஏறும்.
வழுக்குவது ஒரு விரல்தான்,
விழுவது முழு உடம்பு.
நானூற்றுச் சொச்சம் கூடுதல்.
மூன்று வீட்டுப் பங்கு அவள் முந்தானை முடிச்சில்.
நாலாவது வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து
இன்னும் போட்டுவிடவில்லை.
முக்கால்வாசிப் பணத்துக்குக் கவுண்டரில் ரசீது கிடையாது.

எனக்குத் தெரியும்
அந்த நாலு நாள் சேவுகன் எங்கே போனான் என்று.
ரீடிங் எடுக்கிறவனை
முகாமுக்கு நாற்காலி போட அனுப்பியிருந்தார்கள்.
மக்கள் குறை கேட்கிற முகாம்.

பட்டியலை மொபெட் சீட்டில் வைத்து
பன்னிரண்டுக்கு எதிரே எழுதினேன்:
கதவு பூட்டியிருந்தது.
ரியாஸ் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"நம்ம கதவு தொறந்துதானே இருக்கு?"
வள்ளிக்கண்ணு அவனை அதட்டவில்லை.
போய், ஒவ்வொன்றாக,
நாலு கதவையும் சாத்திவிட்டு வந்தாள்.
ஆளும் வெயிலுமாக
கொஞ்ச நேரம் வெளியே நின்றோம்.

திங்கட்கிழமை பணம் கட்டிவிட்டார்கள்.
டீக்கடையில் சேவுகனிடம் சொன்னேன்,
அடுத்த முறை மில் சந்திலிருந்து ஆரம்பி.
வடையைப் பிய்த்தபடி
"எங்கிருந்து ஆரம்பிச்சா என்ன, சுத்தி வரணும் அவ்வளவுதானே"
என்றான்.
அவ்வளவுதான் நான் செய்த உதவி.
காசு செலவில்லை, கோப்பு இல்லை, கையெழுத்து இல்லை.

ஆடியில் அறுபதாம் நாள், 476.
எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள்.
என்னைப் பார்த்ததும் ஒரு சொம்பு நீராகாரம்,
உப்பு சற்றுத் தூக்கல்.

இன்றைக்குப் பையில் ஒன்பது.
வண்டி கண்மாய்க்கரைச் சந்துக்குள் திரும்புகிறது.
சேவுகன் இப்போதெல்லாம் சுற்றை இங்கேதான் முடிக்கிறான்.
எத்தனையாம் நாள் வந்தாய் என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பான்.
கேட்கவில்லை.

முதல் வீட்டுச் சுவர்
புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது.
ஓர் எண்ணும் இல்லை அதில்.
கதவு திறந்துதான் இருக்கிறது.