தண்ணீர் நின்ற உயரம்

கதவைத் திறந்ததுமே தெரிந்தது.
இருக்கைத் துணியில், அடிக்குச்சி வைத்து
இழுத்தாற்போல் ஒரு கோடு.
மேலே சாம்பல். கீழே மண்.
ஜூலையில் குர்லாவில்
மூன்று நாள் தண்ணீர் நின்ற உயரம் அது.

வாக்ளே எதையும் மறைக்கவில்லை.
முங்கின வண்டிதான் என்றார் எடுத்த எடுப்பில்,
என் இந்திக்காகத் தன் இந்தியை மெதுவாக்கி.
பதினான்கு வருட வேகன் ஆர்.
முப்பத்திரண்டாயிரம்.
மாதம் முடிவதற்குள் நகர்த்தச் சொல்லி
சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம்.
நகராவிட்டால் கிலோக் கணக்கில் போகும்.

ஹமீது தாராவியில் பிறந்தவன்.
திருநெல்வேலியைப் பார்த்தேயிராமல்
திருநெல்வேலித் தமிழ் பேசுகிறவன்.
டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினான்:
எண்ணெய், பால் கூடிப்போன டீயின் நிறத்தில்.
"யாரோ தண்ணிக்குள்ள வச்சு
ஸ்டார்ட் போட்டிருக்காவ."
வாக்ளேக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு ராடு வளைஞ்சிருக்கும்.
ரெண்டாவும் இருக்கலாம்.
தொறந்தாத்தான் தெரியும்."

தொறந்தாத்தான் தெரியும்.
சயான் ஆஸ்பத்திரியில்
இந்த வாக்கியத்துக்கு அப்புறம்
பச்சைத் துணியால் மூடிவிடுவோம்.
இல்லை, அப்படி நினைக்கப் போவதில்லை.
பன்னிரண்டு மணி நேரம்
உடம்புகளைத் தூக்கிப் புரட்டுகிறவள் நான்.
இரும்பு இரும்பாகவே இருக்கட்டும்.

கையுறை டப்பாவின் மூடியைக் கிழித்து எழுதினேன்.
எஞ்சின் திறக்கப் பதினெட்டு.
ஒயரிங்குக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.
சீட்டுக்கு ஆறு; பழசு கிடைத்தால் நாலு.
அடுத்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க
எவ்வளவு என்று கேட்டதற்கு இருவரும்
ஒரே நேரத்தில் வேறு வேறு தொகை சொன்னார்கள்.
நாற்றத்துக்கு?
"அதுக்கு வெல கெடையாது, போவவும் போவாது."

பிறகு, எங்கே நிறுத்துவது?
செம்பூரில் நான் இருக்கும் சந்தில்
பால்காரரின் சைக்கிளே சுவரோடு ஒருக்களித்து நிற்கும்.

ஜெபஸ்லின் போனில் கேட்டாள்:
இந்தக் காசுக்கு எத்தனை மாதம் ஆட்டோ, சொல்லு.
கூட்டிப் பார்த்தேன். பதினாறு மாதம்.
கணக்கில் அவள்தான் ஜெயித்தாள்.

ஒரு மணி ரயிலை விட்டுவிட்டு
நான்கேகாலுக்காக கேஷுவல்டி பெஞ்சில் உட்கார்வதை
அவளும் அறிவாள்.
ஆட்டோ சந்து திரும்பும்போது போனைக் காதில் வைத்து
"ஆமா, வந்துட்டேன், கீழே வந்து நில்லு" என்பேனே,
அதைச் சொன்னதில்லை.
எதிர்முனையில் யாரும் இருந்ததில்லை.
இதை எந்த வரியில் எழுதுவது?

ஹமீது டிக்கியின் பலகையைத் தூக்கினான்.
ஸ்டெப்னி குழியில், காய்ந்த சேற்றின் மேல்,
கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு.
ஒரு கால்கூட உடையாமல்.
தண்ணீர் வடிந்ததை
அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.
வாக்ளே சட்டென்று செய்தித்தாளில் அதை எடுத்து
மன்னிக்கவேண்டும் என்றார்,
பெருக்காத வீட்டில் விருந்தாளி வந்துவிட்டதைப் போல.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.
பாவாடை நனைகிற மாதிரி ஒரு குளிர்; நனையவில்லை.
கதவைச் சாத்தினேன்.
குர்லா பாதியாகக் குறைந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தக்காளி விலையைக்
கத்துவது தெரிகிறது, கேட்கவில்லை.
எத்தனை நாளாயிற்று, என் பக்கமிருந்து
ஒரு கதவைச் சாத்தி.

ஹமீது தன் பேட்டரியை இணைத்துக் கை காட்டினான்.
சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
முழங்கை பட்டு ஹார்ன் அலறியது.
மூன்று பேரும் துள்ளிவிட்டோம்.

இறங்கினேன்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"இருபத்தாறு" என்று வந்தது.

வாக்ளே ஹமீதைப் பார்த்தார்.
ஹமீது, காற்றுள்ள ஒரே டயரை
காலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.