பதினேழுக்குப் பிறகு

பதினேழு வரை வந்துவிடும்.
பதினெட்டில் விரல் நின்றுவிடும்.
நீலத் தட்டில் வெள்ளைக் குளிசைகள்.
கொட்டிவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து.
கவுண்டருக்கு வெளியே
நிலாவெளியிலிருந்து வந்தவர்
துண்டைப் பிடித்தபடி நிற்கிறார்.
அவருக்குப் பஸ் இருக்கிறது.

டெங்கு போய் ஏழு கிழமை.
போகும்போது காய்ச்சல்
எதையோ கூடவே எடுத்துக்கொண்டு போயிற்று,
கையெழுத்து வைக்காமல்.

வீட்டில் பிரிட்ஜைத் திறந்து
அதன் வெளிச்சத்தில் நிற்கிறேன்.
எதற்கு வந்தேன்?
தயிர்ச் சட்டி என்னைப் பார்க்கிறது.
'அம்மா, கதவு' என்கிறாள் ஆரபி.
அவளுடைய பள்ளிக்கூடக் கடிதத்தில்
ஒரே வரியை நாலு தரம் வாசிக்கிறேன்.
நாலாம் தரமும் அது
முதல் தரமாகவே இருக்கிறது.

சரி, எழுதி வைப்போம் என்று எழுதினேன்:
அரிசி, கரண்ட் பில், ஆரபிக்குச் சப்பாத்து,
பல் டொக்டர், வியாழன் (எந்த வியாழன்?)
பஸ் நிலையத்தில் சில்லறை தேடும்போது
தாள் கீழே விழுந்தது.
புள்ளிமான் ஒன்று வந்தது.
இந்த ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது.
அரிசியில் தொடங்கி
வியாழக்கிழமை வரைக்கும்
நிதானமாகத் தின்றது.
அவ்வளவு கவனமாக நான் எதையும்
இரண்டு மாதமாகச் செய்ததில்லை.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
பஸ் போய்விட்டது.

இரவு ஒரு மணிக்கும் கையில் போன்.
யாரோ கேக் வெட்டுகிறார்,
யாரோ பூனையைக் குளிப்பாட்டுகிறார்.
நித்திரை கால்மாட்டில்
நம்பர் துண்டோடு குந்தியிருக்கிறது.
நான் கூப்பிடுவதாயில்லை.

'உனக்குச் சோம்பல்' என்றார் இவர்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
றிஸ்மினா ஒரு பக்கற்றைத் திருப்பிக் கொண்டுவரும்வரை.
'இருபத்தொன்று எழுதியிருக்கு அக்கா,
நீங்க பத்தொன்பது போட்டிருக்கிறீங்க.'
மெதுவாகத்தான் சொன்னாள்.
பிரஷர் குளிசை அது.
இரண்டு நாள். யாரோ ஒருவருடைய இரண்டு நாள்.
கை நடுங்கியது.

மறுநாள் கவுண்டரின் மற்றப் பக்கம் நின்றேன்.
டொக்டர் பத்திநாதன் இரத்த ரிப்போட்டைப் பார்த்தார்.
'இது உங்கட குணமில்லை, குருதி.
இரும்பு அடிமட்டத்தில.
வார்டில தந்த குளிசையை
எதோட விழுங்குறீங்க?'
'தேத்தண்ணியோட.'
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.
ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம்
இதே வாயால் சொல்லிவருகிறேன்:
இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட போடாதீங்க.
சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.
அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன்.

வாடைக் காலத்தில்
எங்கள் மருந்தறைக் கண்ணாடி
காலையிலேயே உப்புப் பூத்து
கடலைக் காட்டாது.
கடல் எங்கும் போயிருக்காது.
ஈரத் துணியால் துடைப்பேன்.
மத்தியானத்துக்குள் திரும்பவும் பூக்கும்.
கண்ணாடியை நான் ஒருநாளும் ஏசியதில்லை.

இப்போது குளிசை தேசிக்காய்த் தண்ணியோடு.
போன் இரவில் அரிசி வாளிக்குள்.
அதை எடுக்க மூடி திறக்கவேண்டும்,
மூடி சத்தம் போடும்,
ஆரபி எழும்பிவிடுவாள்.
எண்ணும்போது யாரும் கதைக்கக்கூடாது
என்று எழுதி ஒட்டியிருக்கிறாள் றிஸ்மினா,
பெரிய எழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு.
ஐந்தைந்தாகத் தள்ளவும் அவள்தான் பழக்கினாள்.
ஐந்து, பத்து, பதினைந்து, இருபது.
பதினேழு என்ற ஊரில்
என் பஸ் இப்போது நிற்பதில்லை.

முழுக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன்.
போன செவ்வாய் குடையைத் தொலைத்தேன்.
வியாழன் எந்த வியாழன் என்று
இன்னும் தெரியாது, பல் வலிக்கிறது.

இன்று பின்னேரம்
பிரிட்ஜைத் திறந்து நின்றேன்.
குளிர் முகத்தில் பட்டது.
தயிர்ச் சட்டி.
ஓம்,
தயிருக்குத்தான் வந்தேன்.