காய்ந்த கை

எட்டு நாள் கடலில் கிடந்தும்
ஒருமுறை ஓங்கரித்ததில்லை.
சோளகம் புரட்டிய இரவில்
அணியத்தில் குந்தி
நண்டுக் குழம்பு தின்றவன் நான்.

செலஸ்தீனா கரையில் கவிழ்ந்தாள்.
மதுரையில் மூன்றாவது ஊசி ஏறியபின்
தாளிக்கிற வாசம் ஆகவில்லை,
பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் பிச்சிப்பூ ஆகவில்லை,
என் சட்டை ஆகவில்லை.
சட்டையைக் கழற்றி வேலியில் போட்டேன்.
தோலை எங்கே போடுவது?

நாக்கில் கரைகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.
"அழுத்தி எடுக்காதீங்க, பின்தாளை உரிங்க.
கை மட்டும் காஞ்சிருக்கணும்"
என்றார் நர்ஸ் மெஹர்பானு.
காரங்காட்டில்
யாருக்குக் காய்ந்திருக்கிறது கை?

முதல் மாத்திரை என் விரலிலேயே கரைந்தது.
வழித்து அவள் நாக்கில் தடவப் போனேன்.
"எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம்,
ஒனக்குத் தெரியுமா?"
தெரியாது.
போன் போட்டுக் கேட்டுத்தான்
புதிது உரித்தோம்.

அன்றைக்கு ஆணியில் ஒரு துண்டு மாட்டினேன்.
முகம் துடைக்க அல்ல. மாத்திரைக்கு.

பக்கத்து வீட்டு ஜெபமலருக்கு மூன்றாம் மாத மசக்கை.
"அண்ணே, ஒண்ணே ஒண்ணு" என்று நின்றாள்.
அட்டையை எடுத்தும்விட்டேன்.
பாயிலிருந்து குரல் வந்தது:
"அது எனக்கு எழுதுனது.
அவளுக்கு அவ டாக்டர் எழுதட்டும்."
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவளுக்கு
மறுநாள் தொண்டி ஆஸ்பத்திரியில்
உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறதென்று
ரெண்டு பாட்டில் ஏற்றினார்கள்.
இன்னும் எங்களோடு பேச்சில்லை.
எங்கள் இட்லிக் கொப்பரை அங்கேதான் இருக்கிறது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை இரவு.
நிற்கவே இல்லை வாந்தி.
அடுத்த மாத்திரை காலை ஆறுக்கு.
சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால்.
இன்ஜின் மக்கர் பண்ணினால்
இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுகிறவன் நான்.
கை அட்டைக்குப் போனது.

கதவில் சாக்பீஸால் எழுதின நம்பர்
கண்ணில் பட்டது.

எத்தனை தடவை எடுத்தாள்,
ஒன்றுக்குப் போனாளா, நெஞ்சு படபடக்கிறதா,
வேறென்ன மாத்திரை என்று கேட்டார்கள்.
நாலு நாளாய் வெளிக்குப் போகாததை
வெட்கப்பட்டு அவள் மறைத்திருந்தாள்.
நான் சொன்னேன்.
நான் மறைத்ததும் ஒன்று இருந்தது.
இருமலுக்கென்று மெடிக்கலில்
நானே கேட்டு வாங்கிக் கொடுத்தது.
டார்ச் அடித்து
அட்டையின் பேரை எழுத்தெழுத்தாய் வாசித்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
"ரெண்டையும் இனி தொடாதீங்க.
சேர்ந்தா நெஞ்சுத் துடிப்பு தடம் மாறலாம்.
விடியட்டும்னு இருக்காதீங்க. இப்பவே கிளம்புங்க."

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
மெஷின் ஒரு தாளைத் துப்பியது.
கோடு ஏறி இறங்கி ஏறி.
நீவாடு பார்த்தே திசை சொல்கிறவனுக்கு
அதில் ஒன்றும் விளங்கவில்லை.
டாக்டர் ரெண்டுதரம் பார்த்தார்.
"இப்போதைக்குச் சரியா இருக்கு."
இருமல் அட்டையைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.
வாந்திக்கு வேறு மருந்து எழுதினார்.

ஞாயிறு, கோயில் மணி அடிக்கையில்
ரெண்டு கரண்டி கஞ்சி குடித்தாள்.
கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அரைமணி. முக்கால் மணி.
தங்கிவிட்டது.

கடலுக்குப் போகவில்லை.
துண்டு ஆணியில் தொங்கியது.
உள்ளங்கை ரேகைக்குள்
வெள்ளையாய்
உப்பு பூத்திருந்தது.