எச்சில் அல்ல

எச்சில் வேண்டாம், யோவானசி.
எச்சில் பொய் சொல்லும்.
விடிந்ததும், வாய் கொப்பளிக்கும் முன்,
நெஞ்சின் அடித்தட்டிலிருந்து புறப்பட்டுத்
தொண்டைவரை வந்து
யாருக்கும் கேட்காமல் நீ விழுங்கிவிடுகிறாயே,
அது வேண்டும்.

(நீ என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.
உன் மொழியில் மரியாதைக்கென்று பன்மை இல்லை,
ஒருவர் என்றால் ஒருவர்தான்.)

திறந்தவெளியில் நின்று இருமச் சொல்கிறது கையேடு.
அதை எழுதியவர் நுனாவுட்டுக்கு வந்ததில்லை.
மைனஸ் முப்பத்தெட்டு.
ஆகவே கிளினிக்கின் பின்னறை,
சுவரில் ஒரு விசிறி, ஒரு நாற்காலி,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

உங்கள் ஊரில் புருவம் உயர்ந்தால் ஆம்,
மூக்கு சுருங்கினால் இல்லை.
முகக்கவசம் போட்டதும்
இல்லை மறைந்துவிடுகிறது.
மூன்று நாளாக நீ எனக்கு
ஆம் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உறைந்த மண்ணில் குழாய் ஓடாது.
நீதான் லாரியில் தண்ணீர் கொண்டுவருவாய்.
நூற்றுப் பதினாறு வீடு,
பள்ளி, தேவாலயம், கூட்டுறவுக் கடை,
நர்சுகளின் குடியிருப்பு. அதாவது, நானும்.
ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை, ஒரு கோப்பைத் தேநீர்.
'நெருங்கிப் பழகியவர்கள்' என்ற கட்டத்தில்
நான்கு வரிதான் விட்டிருக்கிறார்கள்.

உன் கோப்பில் ஒரு வாசகம்:
நோயாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்.
நானும் அதை நம்பித்தான் வந்தேன்.
நேற்றிரவு தேதிகளை ஒத்துப் பார்த்தேன்.
அந்த ஏழு வாரம்
இந்த ஊரில் நர்ஸே இல்லை.
கதவில் ஒரு காகிதம் மட்டும் ஒட்டியிருந்ததாம்,
அவசரம் என்றால் அழைக்கவும் என்று.
நிறுத்தியது யார்?
அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை.

காபி மெஷின் அளவுக்கு ஒரு பெட்டி.
இரண்டு மணி நேரம் முனகியது.
பிறகு சொன்னது:
காசநோய், உண்டு.
ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு,
நிர்ணயிக்க முடியவில்லை.

எதிர்ப்பு.
வவுனியாவில் சுவரெழுத்தில்
எழுத்துக் கூட்டிப் படித்த சொல்.
அதை ஒரு கிருமிக்குக் கொடுக்க
எனக்கு மனசு வரவில்லை.
ஆனாலும் படிவத்தில் எழுதினேன்.

"முடியவில்லை என்றால் என்ன?"
ஊலூசி மொழிபெயர்த்துக் கேட்டாள்.
இன்னொரு புட்டி என்றேன்.
தெற்கே அனுப்ப வேண்டும்,
வளர்த்துப் பார்ப்பார்கள், ஆறு வாரமாகலாம்.
தெற்கு என்றதும்
உன் புருவம் அசையவில்லை.

அந்தக் காலத்தில் கப்பல் வந்ததாம்.
எக்ஸ்ரே எடுத்தார்களாம்.
உன் அம்மாவின் அக்கா கரைக்குத் திரும்பி இறங்கவில்லை.
கையில் மையால் எழுதிய எண்ணோடு போனவள்.
எந்த ஊரில் புதைத்தார்கள் என்று
போன இலையுதிர்காலத்தில்தான் கடிதம் வந்தது.
ஊலூசி இதைச் சொல்லும்போது
நீ விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

புட்டிதான் போகும், நீ போகவேண்டாம் என்றேன்.
அது முழு உண்மை இல்லை.
இப்போதைக்கு உண்மை.

நான்காம் நாள் விடியல்.
லாரியை உன் மருமகன் சாய்லா ஓட்டுகிறான்,
பாதையில் இன்னும் தடுமாறுகிறான்,
என் தொட்டியில் கால்வாசித் தண்ணீர்.
நீ பின்கதவால் வந்தாய்.
உறைந்துவிடாமல் பார்காவுக்குள்
வயிற்றோடு ஒட்டவைத்துக் கொண்டுவந்திருந்தாய்.
மூடியின் மேலும் சூடு.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்:
கெட்டி, மஞ்சள், ஒரு நூல் சிவப்பு.
எச்சில் அல்ல.

ஆய்வகத்துக்கு எண் போதும்.
எண்ணை ஒட்டினேன்.
நீ கை நீட்டிப் பேனாவை வாங்கி
எண்ணுக்குப் பக்கத்தில்
முக்கோணமும் கொக்கியுமான உங்கள் எழுத்தில்
மெதுவாகப் பெயரை எழுதினாய்.
தெற்கே அதைப் படிக்க யாரும் இல்லை.
நான் அழிக்கவில்லை.

ஐஸ் பெட்டியை மூடி வைத்திருக்கிறேன்.
விமானம் நாளை என்கிறார்கள்.
நேற்றும் அதைத்தான் சொன்னார்கள்.