நாலா, அஞ்சா

அஞ்சு பெரிது, நாலு சிறிது என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
கியர்பெட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.

போன மழைக்கு முன்னால்
மோல்மேன் கீழ்பஜாரில்
மீ கொன் சான் கடையில் இரண்டு டப்பாக்கள்.
ஒன்றில் ஜிஎல் நாலு, மேலே தூசி.
மற்றதில் ஜிஎல் அஞ்சு, பளபளப்பு,
மூவாயிரம் சாட் கூடுதல்.
கொழுந்தன் இஞ்ஞாசி
போனில் யாரிடமோ பேசிக்கொண்டே
ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.
அஞ்சு என்றால் பயப்படு என்றும் அர்த்தம்.
மீ கொன் சானுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்த எனக்கு என்ன வந்தது?
வாங்கினேன்.

வண்டி மஸ்தா. வயது நாற்பத்தொன்று,
என்னைவிட இரண்டு இளையது.
ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கம்,
முன்னால் போகிற லாரியை முந்த
பக்கத்தில் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்து
"வா வா" என்று சொல்லணும்.
முடோனிலிருந்து ரப்பர் ஷீட்.
திரும்பும்போது உப்பு, சிமென்ட்,
சில நாள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நாற்காலி.

ஊற்றிய முதல் வாரம்
பட்டு மாதிரி ஓடுகிறது என்று
கேட்காதவர்களிடமும் சொன்னேன்.
மூன்றாம் மாதம்
இரண்டாம் கியர் உறுமியது.
பகோடா மேட்டில், கொட்டுகிற மழையில்,
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க,
கிளட்சை இரண்டு தடவை மிதித்து
நடுவில் ஒரு மூச்சு விட்டுக்
கெஞ்சினால்தான் விழுந்தது.

இஞ்ஞாசி வண்டித் தரகன்.
"உள்ளே கொஞ்சம் ரம்பத்தூள் போடுங்க அண்ணி,
ஒரு வாரத்துக்குச் சத்தமே வராது,
அதுக்குள்ள வித்துடலாம்."
பொய் சொல்ல மாட்டேன்,
ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

காலையில் அடியில் படுத்தேன்.
ஊற்றும் வாய் திறக்கிறதா என்று முதலில் பார்.
அப்புறம்தான் வடிக்கும் வாயில் கை வை.
இல்லாவிட்டால் காலி வயிற்றோடு
வண்டி நிற்கும், ஊர் சிரிக்கும்.

கெட்ட முட்டை நாற்றம்.
பழைய லுங்கித் துண்டில் எண்ணெயை வடித்தேன்.
துணியெல்லாம் பொன்.
எதிர்வீட்டு நகைக்காரன் கோ தெய்ன் ஓடி வந்து
நகத்தில் தொட்டு, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து,
"தங்கம் இல்லை அக்கா, பித்தளை" என்றான்,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அது என் சிங்க்ரோ வளையம்.
வேகமாய்ச் சுற்றும் ஒன்றையும்
மெதுவாய்ச் சுற்றும் ஒன்றையும்
உரசி உரசி ஒரே வேகத்துக்கு இழுத்து வந்து
இப்போ சேர்ந்துக்கோ என்று வழி விடும்.
உரசல்தான் அதற்குப் பிழைப்பு.
உரசவே விடாத வழுக்கலை
அதன் தலையில் ஊற்றிவிட்டு
ஏன் உறுமுகிறாய் என்று கேட்டிருக்கிறேன்.
பின் அச்சில் இரும்பும் இரும்பும் மல்லுக்கு நிற்கும்,
அங்கே அஞ்சின் கந்தகம் காவல்.
பித்தளை குடியிருக்கும் வீட்டில்
அதே கந்தகம் கறையான்.

வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து.
பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.
மிச்சத்தில் நான் படிக்க முடிந்தது
இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு நாலும்.
பத்து வருஷமாய் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது.

அதே டப்பா, அதே தூசி.
மீ கொன் சான் ஊதித் துடைத்து,
"இதை யாரும் கேட்கிறதில்லை" என்று
ஐந்நூறு சாட் குறைத்தாள்.
எண்பது, தொண்ணூறு கனம்.
பக்கத் துளையில் வழிந்து
முழங்கை நனையும்வரை ஊற்றினேன்.

தேய்ந்தது தேய்ந்ததுதான்.
குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர்
இன்னும் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் விழுகிறது.
முடோன் தாண்டினால் திட்டுவதில்லை.

லுங்கித் துண்டை மூன்று தடவை துவைத்தேன்.
கொடியில் கிடக்கிறது.
வெயில் பட்டால்
கோ தெய்ன் இன்னமும்
ஒரு கணம் எட்டிப் பார்க்கிறான்.